தேங்கிய எண்ணெய்

தேங்கிய நீரிற் பாசி படரும் என்பதை எல்லோரும் அறிவர். தேங்கிய பெற்றோலும் கெடும் என்பதை அறிந்தோர் சிலரே. அது புளிப்பதில்லை, புழுப்பதுமில்லை. ஆதலின், வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று எண்ணிவிடுகின்றோம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர் அவ்வாறு எண்ணுதல் தகாது. உட்துறைமுகத்துக்கு அப்பால், சீனன்குடாப் பற்றைக் காட்டினுள், பிரித்தானியர் தம் கடற்படைக்கென நிறுவிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்து விடைபெற்றனர். எஞ்சிய 99 குதங்களுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்து துருவேறின.

இத்துணைப் பெருங் களஞ்சியத்தின் அருகிருந்தே 2022இல் நாம் ஒரு போத்தல் பெற்றோலுக்குத் தவங்கிடந்தோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறர்க்கு எரிபொருள் இல்லையென்று அறிவிக்கப்பட்டது. முற்றங்களில் வண்டிகள் உறங்கின. என் அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியரின் மொறிஸ் மைனரும் அவற்றுள் ஒன்று. எரிபொருள் மீண்ட பின்னரும், அவர் பார்வை மங்கியமையால், அது எழவில்லை. ஈராண்டுகளின் பின், ஆசிரியையான தம் மகளுக்கு அதனைக் கொடுக்க விரும்பி ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்தார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விட்டுக் கார் ஓட்டிய அனுபவசாலி அவர்.

“புதுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பமோ?” என்றார் ஆசிரியர்.

“வேண்டாம், மாஸ்டர். புதுசை விட்டால் அடியில கிடக்கிற ஊத்தையெல்லாம் கிளம்பி ஜெற்றை அடைச்சுப்போடும்.”

அவர் கூற்றின் காரணம் எளிது. பெற்றோலின் இலேசான கூறுகள் முதலில் ஆவியாகிவிடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து பிசினாகின்றது. அரைகுறையாய் நிறைந்த தாங்கியினுள் கடற்காற்றின் ஈரம் இரவுதோறும் நீராய்ப் படிகின்றது. நீர் பெற்றோலினும் கனமானது. அடியிற் சென்று தங்கி இரும்பை அரிக்கின்றது. மேலே பார்ப்போர்க்கு எண்ணெய், கீழே துரு.

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். புகைக்க வந்தவரைப் படலைக்கு வெளியே அனுப்பினார். நிறைகுடம் தளும்பாது என்பர். எரிபொருள் தாங்கியிலோ நிறைகுடத்தினும் வெறுங்குடமே அஞ்சத்தக்கது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

வடித்த பெற்றோல் தேநீர் நிறத்தில், வாணிஷ் மணத்துடன் வந்தது. அதனை வடிகாலில் ஊற்ற அவர் இசையவில்லை. வடிகாலின் முடிவிடம் கடலன்றோ! மூடிய கலனில் எடுத்து வைத்தார். தாங்கியைக் கழற்றி, சவர்க்கார நீருடன் சிறு கற்களையும் இட்டு நெடுநேரம் குலுக்கினார். செந்நீர் வந்தது. நீர் தெளியும்வரை மீண்டும் மீண்டும் கழுவி, வெயிலில் உலர்த்தினார். பின்னர் குழாயைக் காற்றால் ஊதினார். பம்பின் மின்தொடுகைகளைத் துடைத்தார். இறுதியிலேயே காபரேற்றரைத் திறந்தார். மிதவை அறையின் அடியிற் பிசின் பழுப்பாய்ப் படிந்திருந்தது. ஜெற்றின் நுண்துளையைக் கம்பியாற் குத்தாது, கழுவி ஊதியே திறந்தார்.

இவ்வொழுங்கு முக்கியமானது. ஊற்றைத் துப்புரவாக்காமல் வாய்க்காலைத் துப்புரவாக்கியவன் அவ்வேலையை மறுநாளும் செய்வான்.

புதிய பெற்றோல் விட்டுச் சாவியைத் திருப்பியதும், பம்பு ‘டக் டக்’ என்று விரைந்து அடித்தது. மிதவை அறை நிறைய நிறைய அடங்கி ஓய்ந்தது. கண் மங்கிய ஆசிரியர் அவ்வொலியைக் கேட்டே, “வந்திட்டுது” என்றார்.

2022 ஜனவரி 6ஆம் நாள் கைச்சாத்தான உடன்படிக்கைகள் சீனன்குடாக் குதங்களைப் பங்கிட்டன: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டன் கூட்டு நிறுவனத்துக்கு 61. பங்கிட்டதனாலேயே இரும்பு புதிதாகிவிடாது. அவற்றையும் யாரேனும் திறந்து, துருவகற்றி, கசிவு தேடி, குழாய்களைச் சோதித்த பின்னரே எண்ணெய் இறக்கவேண்டும். ஐந்து கலன் கொள்ளும் தாங்கிக்குரிய விதி ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும் குதத்துக்கும் உரியதே. கட்டியவர் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம். கழுவியவரை யார் நினைக்கின்றார்? ஆயினும் களஞ்சியத்தைக் களஞ்சியமாக வைத்திருப்பவர் அவரே.