துரைமாரின் துவக்கும் தூரத்தின் கணக்கும்

ஹோர்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பேக்கர் அருவியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட ஆங்கிலேயர். மலையில் அப்போது தேயிலை இல்லை, கோப்பிக் காலம். சுற்றுவட்டாரத்து மரைகளை அவர் நாய்களையும் கத்தியையும் கொண்டே வேட்டையாடினார். யானைக்குத்தான் துவக்கு.

அந்தத் துவக்கு 1840இல் பிரிஸ்டலில் கிப்ஸ் என்ற துவக்குத் தயாரிப்பாளர் செய்து கொடுத்தது. எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. ஒரு வெடிக்கு 28 கிராம் கரிமருந்து. உருண்டைக் குண்டானால் 85 கிராம் ஈயம், கூம்புக் குண்டானால் 113 கிராம். இவ்வளவு பெரிய ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டும், யானைக்குச் சில எட்டுத் தூரம்வரை நெருங்கிப் போய்த்தான் சுட்டார்கள்.

வீரம் மட்டும் காரணமில்லை. யானையின் நெற்றி எலும்புக்குள் தேனடைபோல் காற்றறைகள் நிறைந்திருக்கின்றன. மூளையோ வெகு பின்னால், தாழ்வான இடத்தில். குறி கொஞ்சம் பிசகினாலும் குண்டு அந்த அறைகளுக்குள் புதைந்து போகும், யானை நிற்காது. உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரமே வேகம் இழக்கும். வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் நாலில் ஒன்றுதான். அதற்காகக் கிட்டப் போனால் வேறொரு தொல்லை: முழு வேகத்தில் எலும்பில் மோதும் மெத்தென்ற ஈயம் தட்டையாகி, ஆழமாகப் போகாமல் நின்றுவிடும். ஈயத்தோடு தகரம் கலந்து குண்டை இறுக்கியது இதனால்தான்.

பிறகு தேயிலை வந்தது. 1900இல் ஐரோப்பியத் தோட்டத் துரைமாரைச் சேர்த்து ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ்’ என்ற படை அமைந்தது. தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள்கணக்கு) எடுத்த கைகள் 1915இல், முதலாம் உலகப் போரில், கலிப்பொலிப் போர்க்களம் வரை துவக்கோடு போயின. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் .303 துவக்கின் ஏழாம் வகைத் தோட்டா (1910) வெறும் 11 கிராம். பேக்கரின் கூம்புக் குண்டில் பத்தில் ஒரு பங்கு! ஆனால் குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்கு 744 மீற்றர்.

இந்தத் தோட்டாவிடம் தூரத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. மணல் மூட்டையை மிகக் கிட்ட நின்று சுட்டால், நூறு இருநூறு மீற்றருக்கு அப்பாலிருந்து சுடுவதைவிடக் குறைவான ஆழமே போகும். குழலை விட்டு வந்த தோட்டா முதலில் சற்றே தள்ளாடும். அந்த நிலையில் கடும் வேகத்தோடு மணலில் மோதினால் பக்கவாட்டில் திரும்பிவிடும், சிலவேளை உறையும் கிழியும். கொஞ்ச தூரம் பறந்து நிதானப்பட்டதோ நேராகத் துளைத்துக்கொண்டு போகும். இன்னும் தொலைவு கூடினால் வேகம் தளர்ந்து ஆழமும் குறையும்.

உடலில் பட்டு விரியும் தோட்டாக்களை, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையால் பேர்போனவற்றை, 1899 ஹேக் பிரகடனம் போரில் தடைசெய்திருந்தது. ஏழாம் வகை விரியாது. ஆனால் அதன் மூக்குக்குள் இலேசான அலுமினியம், பின்பாதியில் ஈயம். உடலுக்குள் புகுந்ததும் பின்பாரம் முந்தப் பார்க்க, தோட்டா குட்டிக்கரணம் போடும். சட்டத்தின் எழுத்தை மீறாமலே காயத்தைப் பெருக்கும் கெட்டிக்காரத்தனம் இது. நுழைந்த துளையின் அளவைப் பார்த்து உள்சேதத்தை வைத்தியர்கள் மதிப்பிடாததற்கு இப்படிப்பட்ட தோட்டாக்களும் ஒரு காரணம்.