நிற்கிற விமானம் தின்னும் பணம்

தொழிலதிபர் அழகப்பச் செட்டியாருக்கு விமானம் என்றால் ஆசை. லண்டனில் குரோய்டன் விமானத் தளத்தில் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைகள் விட்டுப்போன டகோட்டா விமானங்கள் மலிவாகக் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் சிலவற்றை வாங்கி, சென்னையிலிருந்து ஜுபிட்டர் ஏர்வேஸ் என்று ஒரு கம்பெனி நடத்தினார். அது நீடிக்கவில்லை. அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் நிலைத்தது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறந்தார்கள். உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பது அங்கே ஒரு பெரிய வேலை. மண்டபம் கடற்கரையில் தகடுகளை உப்புக் காற்றில் போட்டுவைத்து எடை பார்ப்பவர்கள், இந்தியாவுக்கே அரிமான வரைபடம் போட்டவர்கள் அவர்கள்தான். பழைய விமானத்துக்கும் பணம் போட்டு, பழைய விமானத்தை அரிப்பது எது என்று கண்டுபிடிக்கிற இடத்துக்கும் பணம் போட்ட ஆள் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த விமான ஆசை நம் மக்களை விட்டு இன்னும் போகவில்லை. சென்னை அம்பத்தூரை ஒட்டிய எங்கள் கள்ளிக்குப்பத்தில் அது வருவதற்குக் காரணமும் உண்டு. செங்குன்றம் சாலையைப் பிடித்து வடக்கே போனால் சோழவரம். போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம், பிறகு பல ஆண்டுகள் பைக்கும் காரும் பந்தயம் ஓடிய இடம். தெற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் என்று தெருவுக்குத் தெரு பட்டறை. அம்பத்தூர் டன்லப்பில் ஒரு காலத்தில் விமான டயரே செய்தார்கள். இப்படி ஒரு ஊரில் இருப்பவருக்கு, ‘ஒரு பழைய செஸ்னா 152ஐ வாங்கி நாமே சரி பண்ணிக்கொண்டால் என்ன?’ என்று தோன்றத்தான் செய்யும். விலையும் சபலம் காட்டும். 1977 முதல் 1985 வரை செய்த இரண்டு இருக்கை விமானம் அது. நாற்பது வயதான ஒன்று, அமெரிக்கச் சந்தையில் இங்கே ஒரு சொகுசுக் கார் விற்கும் விலைக்குக் கிடைக்கும்.

அந்த விலை நுழைவுச் சீட்டுதான். மீதிச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், விமானத்துக்கு வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். பறந்த மணி ஒரு வயது. இறங்கி ஏறிய எண்ணிக்கை இன்னொரு வயது. நாட்காட்டி மூன்றாவது. மூன்றும் சேர்ந்து ஓடாது.

2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவில் டேடோனா பீச் நகரத்துக்குப் பக்கத்தில், எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பைப்பர் பயிற்சி விமானம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இடது இறக்கை கழன்று விழுந்தது. இருவர் இறந்தார்கள். 2007இல் செய்த விமானம், வயது பதினொன்று. ஆனால் பயிற்சிப் பள்ளியில் அது 7,600 மணிக்கு மேல் பறந்திருந்தது. தாழப் பறப்பதும் இறங்கி ஏறுவதுமாகவே அந்த மணிகள் கழிந்தன. இறக்கையின் முதன்மை உத்தரத்தில், போல்ட் போகும் துளையின் ஓரத்தில் தொடங்கிய விரிசல் சுற்று சுற்றாக வளர்ந்திருந்தது. அலுமினியத்தின் குணம் அது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை வளைத்தாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சின்னச் சின்ன வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு அமெரிக்க விமானத் துறை இந்த ரக பைப்பர்களில் அந்தத் துளைகளைச் சுழல் மின்னோட்டம் வைத்துச் சோதிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. உலகத்தில் எங்கோ ஒரு விமானம் விழுந்தால், அதே ரகத்தை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் செலவு வரும். பழைய விமானம் வாங்குபவர் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அரசியல்வாதியும் தொழிலதிபருமான ராஜீவ் சந்திரசேகர், கைவிடப்பட்டுக் கிடந்த டகோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பல ஆண்டுகள் சீரமைத்து, இந்திய விமானப் படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானப் படை அதிகாரி. ‘பரசுராமா’ என்று பெயர் வைத்த அந்த விமானம் 2018 ஏப்ரலில் கவென்ட்ரியில் கிளம்பி, வழியில் பல ஊர்களில் இறங்கித் தானே பறந்து ஜாம்நகர் வந்து சேர்ந்தது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படையினரை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய முதல் டகோட்டாவின் எண்ணான விபி 905 அதன் வாலில் எழுதியிருக்கிறது. விமானப் படையின் டைகர் மாத் பயிற்சி விமானமும் அப்படித்தான். இங்கிலாந்தில் சீரமைத்து, 2012 அக்டோபர் 8 விமானப் படை நாளில் மறுபடி பறந்தது. நாற்பதுகளில் பிறந்த ஒன்று பறக்கிறது, பதினொரு வயதுக்காரன் விழுகிறான். ஆக, பிறந்த வருடத்தை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

ஆனால் நம் ஊரில் அதிகம் பணம் கறப்பது மூன்றாவது கடிகாரம், நாட்காட்டிதான்.

ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் அலுமினியத்தோடு செம்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திய உலோகம், ஓரிரு நாள் சும்மா கிடந்ததிலேயே தானாக இறுகியிருந்தது. டியூரலுமின் பிறந்தது அப்படி. விமானம் உலோகத்தில் வந்ததும் அதனால்தான். அந்தச் செம்புதான் எமனும். செம்பு மிகுந்த துகளும் சுற்றியுள்ள அலுமினியமும் ஈரம் பட்டால் குட்டி பேட்டரிகளாகிவிடும். உலோகம் உள்ளுக்குள்ளேயே கரையும். மேல் தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். இதைத் தடுக்கத் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாக ஒட்டினார்கள். பழைய விமானத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருப்பவரைப் பார்த்தால் நாம் மெச்சுவோம். அந்தக் காப்பைத்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு, அந்தக் கால செஸ்னாக்கள் பலவற்றில் இறக்கையின் உள்புறத்துக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு கிடையாது. கேட்டுப் பணம் கட்டினால்தான் அடிப்பார்கள்.

கள்ளிக்குப்பத்திலிருந்து கடல் தள்ளித்தான் இருக்கிறது, உப்புக் காற்று வரும் வழியிலேயே பெரும்பாலும் படிந்துவிடும். ஈரம் அப்படி வழியில் நின்றுவிடாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். சென்னையில் அது அறுபதுக்குக் கீழே இருக்கும் நேரத்தைத்தான் தேட வேண்டும்.

இந்த ஈரம் மோசமாகத் தாக்கும் இடம் எஞ்சின். செஸ்னா 152இல் இருப்பது லைகமிங் எஞ்சின். வால்வுகளைத் தூக்கிவிடும் கேம் தண்டு அதில் மேலே இருக்கிறது, கிராங்குத் தண்டுக்கும் மேலே. பறக்கும்போது எண்ணெய் தெறித்து அதை நனைக்கும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்துபோய், எஃகு வெற்று உடம்போடு நிற்கும். சில வாரத்தில் கேமின் மூக்கில் ஊசிமுனை அளவு துரு. அடுத்த முறை கிளப்பும்போது அந்தத் துரு உதிர்ந்து, சொரசொரப்பான இடம் வால்வுத் தட்டியைச் சுரண்டும். உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இங்கேதான் எல்லாருக்கும் தோன்றும் யோசனை ஒன்று காலை வாரும். பழைய ஸ்கூட்டரை ஞாயிற்றுக்கிழமை கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுவோமே, அந்த மாதிரி விமானத்தையும் ஓடவிட்டால் என்ன? கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே நழுவி எண்ணெயில் சேரும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். தரையில் ஐந்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது. தண்ணீரை உள்ளே விட்டு மூடி வைத்த கதைதான். லைகமிங் கம்பெனி சொல்வது தெளிவாக இருக்கிறது: 30 நாளுக்கு ஒரு முறையாவது, எண்ணெய்ச் சூடு சுமார் 75 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி, இடைவிடாமல் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். தரையில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது.

நம் நாட்டுப் பழசு வேண்டுமென்றால் ஹெச்ஏஎல் செய்த புஷ்பக் இருக்கிறது. 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலில் பறந்தது. சுமார் 160 செய்து நாட்டின் பறத்தல் கழகங்களுக்குக் கொடுத்தார்கள். 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். அதில் கேம் தண்டு கீழே இருப்பதால் எண்ணெய் அதன் மேல் சொட்டிக்கொண்டே வடியும்; நிற்பதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உடம்பு பற்றவைத்த எஃகுக் குழாய், போர்வை துணி. அந்தத் துணிக்கு வெயில் எதிரி. வண்ணத்துக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சு அடிப்பார்கள். அலுமினியத் தூள் கலந்த பூச்சு அது. புற ஊதாக் கதிர் நூலைத் தொடாமல் திருப்பி அனுப்பத்தான் அடிக்கிறார்கள். புதுத் துணியின் வலுவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மொத்தத் துணியையும் உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும். உரிக்கிற அன்றைக்குத்தான் உள்ளே குழாயில் இருக்கும் துரு கண்ணில் படும். துணிக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்தவர் அன்று தூங்கமாட்டார்.

அம்பத்தூர் பட்டறைகள் இதில் எவ்வளவு உதவும்? விமானத்தில் போடும் எஃகு போல்ட்டின் தலையில் சின்னதாகப் பெருக்கல் குறி இருக்கும். இன்ன எஃகு, இவ்வளவு வலு, உடைவதற்கு முன் வளைந்து காட்டும் என்பதற்கு அது அடையாளம். அதே எஃகில், அதே அளவில், அதைவிட நுணுக்கமாகவே கடைந்து தர நம் பட்டறைக்காரரால் முடியும்; எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பூட்ட முடியாது. எந்த உருக்கிலிருந்து வந்தது, யார் செய்தார், யார் சோதித்துக் கையெழுத்திட்டார் என்ற காகிதம் கூட வராவிட்டால் அது வெறும் இரும்பு. பழைய விமானத்தின் செலவில் பெரும்பங்கு இந்தக் காகிதத்துக்குத்தான் போகிறது. டைகர் மாத்தையும் டகோட்டாவையும் இங்கிலாந்தில் சீரமைத்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்; கைத்திறனும் உதிரி பாகமும் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அங்கே ஓரிடத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போதும் இதே விதிதான். லாக் புக் தொலைந்த விமானத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், உதிரி பாகக் குவியல் என்று நினைத்துத்தான் விலை பேச வேண்டும்.

எரிபொருள் வேறு. பெட்ரோல் பங்க்கில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். பழைய விமானத்தின் ரப்பர் வளையங்களுக்கு எத்தனால் ஆகாது. ஈயம் கலந்த ஆவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல்தான் வேண்டும். 2022இல் இந்தியன் ஆயில் வதோதராவில் செய்யத் தொடங்கும்வரை அதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தோம். செஸ்னா 152 மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும்.

இனி எஞ்சின் கணக்கு. கூட்டிப் பார்க்க வசதியாக, முழு ஓவர்ஹாலுக்கு 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 152இன் பிந்தைய மாடல்களில் உள்ள எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் 2,400 மணி, அல்லது 12 ஆண்டு. எது முந்துகிறதோ அது. 2,400 மணியும் பறந்து தீர்த்தால், எஞ்சினுக்காக மணிக்கு 1,250 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு, மழையும் பார்த்து, மாதம் மூன்று மணி போலப் பறப்பவர் ஆண்டுக்கு 40 மணி தாண்டமாட்டார். 12 ஆண்டில் 480 மணி. அப்போது மணிக்கு 6,250 ரூபாய். ஐந்து மடங்கு. ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், ஆண்டுச் சோதனை எல்லாம் இதே மாதிரிதான் வீங்கும். அவை பறந்தாலும் வரும், பறக்காவிட்டாலும் வரும். சிக்கனமாக இருக்கலாமென்று பறப்பதைக் குறைத்தால் ஒவ்வொரு மணியும் இன்னும் விலை ஏறும், கேமும் துருப்பிடிக்கும்.

இதே ஆசையுள்ள இன்னும் நாலு பேரை அயப்பாக்கத்திலோ ஆவடியிலோ தேடிப் பிடித்துக் கூட்டாக வாங்கினால், ஆளுக்கு 40 மணி வீதம் ஆண்டுக்கு 200 மணி. 12 ஆண்டில் சரியாக 2,400. நாட்காட்டியும் மணியும் ஒன்றாக முடியும், ஒரு மணியும் வீண்போகாது, விமானமும் மாதம் முழுக்க நிற்காது. 1930இல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து பறத்தல் கழகங்களைத் தாங்கி வந்தது இந்தக் கூட்டுக் கணக்குதான். வானம் தெளிந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஐந்து பேரில் யாருக்கு என்ற தகராறை மட்டும் பத்திரம் எழுதும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.