குமரியில் ஒரு நாள்... அவசரமே வேண்டாம்!

கன்னியாகுமரி டூர் என்றால் பலருக்கும் ஒரே கணக்குதான். அதிகாலையில் சூரிய உதயம், படகில் போய் பாறை, பாசிமணிக் கடை, மதியம் வண்டி ஏறிவிடுவது. வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்து வருபவர்களுக்கு இந்த ஓட்டத்தில் மிஞ்சுவது கால்வலியும் செல்ஃபியும்தான். அதே ஒரு நாளை நிதானமாகச் செலவிட்டால், கடலுக்குப் பின்னால் இருக்கும் நாஞ்சில் நாட்டையும் பார்த்துவிடலாம், ருசித்தும் விடலாம்.

காலை: கடலும் புட்டும்

சூரிய உதயம் முடிந்ததும் படகுத்துறைக்கு ஓட வேண்டாம். முதலில் புட்டு, கடலைக் கறி, கூடவே ஒரு பழம். 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறையையும், 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலையையும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இப்போது இணைக்கிறது. விடுமுறை நாள்களில் படகுக்கு வரிசை நீளும். பெரியவர்களுக்கு நிற்க முடியாது என்றால் கரையிலிருந்தே பார்க்கலாம், குறையொன்றும் இல்லை.

அடுத்து சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களும், 18 அடி ஆஞ்சநேயரும் குழந்தைகளுக்கும் பிடிக்கும். நடை சாத்துவதற்கு முன்பே போய்விடுங்கள்.

மதியம்: இலை போட்ட சாப்பாடு

நாகர்கோவிலில் சைவச் சாப்பாடு என்றால் தேங்காயெண்ணெய் மணக்கும் அவியல், எரிசேரி, புளிசேரி, பாயசம். அசைவப் பிரியர்களுக்கு மரச்சீனிக் கிழங்கும், தேங்காய் அரைத்த மீன் குழம்பும். கிழங்கு மலையோரத்தில் விளைவது, மீன் கடலோரத்தில் கிடைப்பது. இந்தச் சின்ன மாவட்டத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரே தட்டில் இரண்டும் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

பிற்பகல்: அரண்மனையின் பந்தி

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட இடம். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும், இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசுதான்.

மரச் செதுக்கல்களும், கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரையும் எல்லோர் கண்ணிலும் படும். நின்று பார்க்க வேண்டியது ஊட்டுப்புரை. இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் 2,000 பேர் வரை உட்கார்ந்து சாப்பிட்ட அன்னதானக் கூடம் அது. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீன ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். மரப்படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திங்கட்கிழமை விடுமுறை.

மாலை: வானத்தில் ஓடும் தண்ணீர்

திருவட்டாறு அருகே மாத்தூர் தொட்டிப்பாலம். 28 தூண்கள், 115 அடி உயரம். ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் பாசன நீரைக் கொண்டுபோக 1966-ல் கட்டி முடிக்கப்பட்டது. காமராஜர் ஆட்சிக்காலத்துத் திட்டம். வறண்டு கிடந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்கு நீர் போனது இதன் வழியாகத்தான். மேலே நடைபாதை வழியாக நடக்கலாம். கீழே பரளியாறும் தென்னந்தோப்புகளும் தெரியும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இறங்கியதும் சூடான ஏத்தம்பழ பஜ்ஜியும் டீயும். திற்பரப்பு அருவி பக்கம்தான் என்றாலும், அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

நேந்திரம் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மார்த்தாண்டம் தேன். இவை பயணத்தைத் தாங்கும். மட்டிப் பழம் தாங்காது. மெல்லிய தோலும் தனி மணமும் கொண்ட இந்தச் சின்ன வாழைப்பழம் இங்கே குழந்தைகளுக்கு ஊட்டும் பழம்; 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வந்த இடத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

நாஞ்சில் என்றால் கலப்பை. நெல்லுக்குப் பெயர் போன இந்த மண்ணில் வயல்கள் பல இன்று வாழைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. திரும்பும் வழியில் மலையடிவாரத்தில் எங்காவது பச்சை வயல் கண்ணில் பட்டால், ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். டிக்கெட் கிடையாது, வரிசையும் கிடையாது.