நீல இகுவானா

கரீபியக் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவே நீல இகுவானாவின் ஒரே தாயகம். ஓணானைப் போன்ற தோற்றமுடைய இந்த ஊர்வன விலங்கு, வால் உட்பட ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளம் வளரும். சிவந்த கண்களும் முதுகு நெடுகிலும் வரிசையாக அமைந்த முட்களும் இதன் அடையாளங்கள். பாறைகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் காணப்படும் இது, மற்றோர் இகுவானாவைக் கண்டதும் நீல நிறமாக மாறும். வறண்ட புதர்க்காடுகளில் இலை, பூ, பழம் ஆகியவற்றைத் தின்று, இரவில் பாறை இடுக்குகளில் உறங்கும்.

காடழிப்பாலும் மனிதர் கொண்டுவந்த நாய், பூனைகளாலும் இவ்வினம் குறைந்தது. 2002ஆம் ஆண்டில் காட்டில் எஞ்சியவை 25க்கும் குறைவு. எனவே, குஞ்சுகளைப் பாதுகாப்பாக வளர்த்துக் காட்டில் விடத் தொடங்கினர். 2018ஆம் ஆண்டில் அவ்வாறு விடப்பட்டவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டியது. ஒரே தீவில் வாழும் உயிரினம் அங்கு அழிந்தால், உலகிலிருந்தே மறைந்துவிடும் அல்லவா?