உங்களுக்குத் தெரியுமா? தேதி தவறினால் இணையமும் முரண்டு பிடிக்கும்
பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கிறதா? வைரஸ் என்று பயந்து விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சி.ஆர். 2032 என்ற இந்த லித்தியம் பேட்டரி 3 வோல்ட். விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. கரன்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! அதனால்தான் அந்த எச்சரிக்கை.

மாற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்திலுள்ள சின்ன கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி மேலெழும்பும். புதியதை + குறி தெரியும்படி வைத்து, பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய பேட்டரி குழந்தைகள் கைக்குக் கிடைக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.