சீருடைக்குப் பின் எம்பிஏ: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி, ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் ராணுவத்துக்குப் போகிறவர்களுக்குப் பத்து ஆண்டுப் பணி. தகுதியும் விருப்பமும் இருந்தால் மேலும் நான்கு ஆண்டு. நிரந்தர கமிஷன் கிடைக்காதவர் முப்பது வயதுகளின் நடுவில் வெளியே வருகிறார். பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் இல்லை. அடுத்த தொழிலுக்கு மேலாண்மைப் படிப்பு நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் காகிதச் சிக்கல்களும் இடைத்தரகர்களும் ஏராளம்.

எந்தப் படிப்பு?

படைவீரர்கள் 'டிஜிஆர்' என்று சொல்லும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், ஐஐஎம் போன்ற நிறுவனங்களில் சுமார் ஆறு மாத மேலாண்மைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறது. அதிகாரிகளுக்கான கட்டணத்தில் 60 சதவீதத்தை அரசு ஏற்கிறது. 40 சதவீதம் அவர்களுடையது. ஜேசிஓ எனப்படும் இளநிலை கமிஷன் அதிகாரிகளுக்கும் ஜவான்களுக்கும் டிஜிஆர் பயிற்சிகள் இலவசம்.

இந்த ஆறு மாதப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடைக்கும், எம்பிஏ பட்டம் கிடைக்காது. அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி போன்ற ஓராண்டு முழுநேரப் படிப்புகள் வேறு. அவற்றுக்கு ஜிமேட் போன்ற தேர்வு, கட்டுரைகள், நேர்காணல் எல்லாம் உண்டு. பல லட்சம் ரூபாய் கட்டணமும் உண்டு. டிஜிஆர் உதவி அதன் பட்டியலில் உள்ள பயிற்சிகளுக்கு மட்டுமே.

பதினைந்து ஆண்டுப் பணிக்குப் பின் ஜவான்களுக்குத் தரப்படும் பட்டப்படிப்புச் சமநிலைச் சான்றிதழிலும் கவனம் தேவை. அது அரசின் குரூப் சி வேலைகளுக்கு உதவும். எம்பிஏ சேர்க்கைக்குப் பட்டமாகச் செல்லாது. பட்டம் இல்லாதவர் பணியில் இருக்கும்போதே இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடிப்பது நல்லது.

அவசரத்தில் போகும் உரிமை

ஷார்ட் சர்வீஸ் அதிகாரி ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையுடன் வந்தால் முன்னாள் படைவீரர் தகுதி கிடைக்கும். வகுப்பு தொடங்கிவிடுமே என்று சொந்த விருப்பத்தில் இடையிலேயே விலகினால் அந்தத் தகுதியும், அதையொட்டிய வேலை ஒதுக்கீடும் கைவிட்டுப் போகலாம். ஆகவே விடுவிப்பு நாளையும் வகுப்பு தொடங்கும் நாளையும் முதலில் ஒப்பிடுங்கள். விடுவிப்பு ஆணை வரும் முன் பெருந்தொகை கட்ட நேர்ந்தால், பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுத்தில் வாங்குங்கள்.

வழிகாட்டி யார், தரகர் யார்?

இதே பாதையில் இரண்டு மூன்று ஆண்டு முன்னால் போன சீனியரே சிறந்த வழிகாட்டி. கம்பெனி கமாண்டராக நூறு பேருக்கு மேற்பட்டவர்களை வழிநடத்திய அனுபவத்தை, ராணுவமே தெரியாத தேர்வாளருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். மாதிரி நேர்காணல் நடத்துவார்; 'இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்' என்றும் சொல்வார். ஒருவரோடு நிறுத்தாமல், வேறு துறைக்குப் போன இன்னொருவரிடமும் கேளுங்கள்.

'சீட் உறுதி', 'ஆர்மி கோட்டா இருக்கிறது' என்பவரிடமிருந்து விலகுங்கள். ஐஐஎம்களின் சட்டப்படியான இடஒதுக்கீட்டில் முன்னாள் படைவீரர் என்ற பிரிவு இல்லை. கட்டுரையை நானே எழுதித் தருகிறேன் என்பவரும் ஆபத்தானவர். பிறர் எழுதியது தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம்.

கட்டுரையில் யூனிட்டின் இருப்பிடம், நடவடிக்கை விவரம், ஆயுத எண்ணிக்கை எதுவும் வேண்டாம். 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் சீருடையைக் கழற்றியதும் விட்டுவிடாது. வழிகாட்டிக்கு வரைவு அனுப்பும்போதும் இது பொருந்தும். சந்தேகம் இருந்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

சிக்கல் வந்தால்

ஆன்லைன் எம்பிஏ என்றால் யுஜிசி அங்கீகாரத்தையும், பிஜிடிஎம் என்றால் ஏஐசிடிஇ ஒப்புதலையும் அவற்றின் இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தில் உள்ள முத்திரை போதாது. நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஐஐஎம்கள் இதில் தனி.

ஆலோசனை நிறுவனம் சொன்னதைச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சியம், அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

விடுவிப்பு, பணிக்கொடை போன்றவற்றில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். துறைக்குள் முறையிட்டும் தீராத பணி வழக்குகளைச் சென்னையில் அமர்வு உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் விசாரிக்கும். மற்ற உதவிகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.

விடுவிப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே ஒரு சீனியரைத் தேடிப் பேசத் தொடங்குங்கள். எந்தத் தரகருக்கும் முன்பணம் தராமல் முடிவெடுக்க அந்த அவகாசம் போதும்.