மருத்துவம் தொழில், இசை தவம்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

இசையையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த பெருமக்களின் வரலாறுகள் தமிழில் பல உள்ளன. வேறொரு தொழிலால் பொருளீட்டி, அப்பொருளைக் கொண்டே இசையை வளர்த்தவர்களின் வரலாறு அத்துணை மிகுதியாக எழுதப்படவில்லை. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்களுள் தலையாயவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

ஆசிரியரும் மருத்துவரும்

இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பண்டிதர் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்திலும் அவருக்கு இளமையிலேயே நாட்டம் இருந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றபோது அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார் என்பர். தம் மருந்துகளுக்கும், மருத்துவமனைக்கும், பின்னர் எழுதிய இசைநூலுக்கும் ஆசானின் பெயரை நினைவூட்டும் பெயர்களையே அவர் இட்டார்.

பின்னர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சைக்கு வந்து, இருவரும் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி செய்தனர். பள்ளிநேரம் போக எஞ்சிய பொழுதில் மருந்து செய்தனர். மருந்துக்குத் தேவை பெருகவே, 1890இல் ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தை முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார் பண்டிதர். அவருடைய சஞ்சீவி மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே மூலிகையும் பிற பயிர்களும் வளர்த்த அவரது பண்ணை 'பண்டிதர் தோட்டம்' என்று பெயர் பெற்றது. 1909இல் அரசு அவருக்கு 'ராவ்சாகிப்' பட்டம் வழங்கியது.

புரவலர் இல்லாத காலம்

பண்டிதரின் அருமையை உணர அக்காலச் சூழலையும் அறிதல் வேண்டும். தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்றது. அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்த இசைவாணர்கள் சமஸ்தானங்களையும் செல்வர்களையும் நாடிப் பிற ஊர்களுக்குச் செல்ல நேர்ந்தது. கச்சேரிக்குக் கைப்பொருள் கொடுப்பார் இருந்தனர்; இசையின் இலக்கணத்தை ஆராய்வதற்குக் கொடுப்பார் அரியர்.

அவ்விடத்தை நிரப்பியவர் மருந்து விற்ற ஒருவர். 1912ஆம் ஆண்டில் 'தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்னும் அமைப்பை நிறுவி, இசைவாணர்களையும் அறிஞர்களையும் அழைத்துத் தொடர்ந்து பல மாநாடுகளை நடத்தினார். வந்தோர்க்கான செலவனைத்தும் அவருடையதே. தொடக்க நிலை மாணவர் பயிலும் கீதங்கள் பெரும்பாலும் பிறமொழிகளிலேயே இருந்ததைக் கண்டு, தாமே தமிழில் கீதங்கள் இயற்றி 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என வெளியிட்டார்.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

மாநாடுகளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது சுருதிக் கணக்காகும். ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சட்சம் முதல் மேற் சட்சம் வரை, இருபத்திரண்டு சுருதிகள் உண்டு என்பது சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' முதலிய நூல்களின் வழிவந்த கொள்கை. பண்டிதர் அதனை ஐயுற்றார். சட்சத்திலிருந்து பஞ்சமம், அதன் பஞ்சமம் எனப் பன்னிரண்டு முறை சென்றால், புறப்பட்ட சுரத்திற்கே பிசகின்றி வந்து சேர வேண்டும் என்பது அவர் கருத்து. ஸ்தாயியைச் சம பாகங்களாகப் பகுத்தாலன்றி இது கைகூடாது.

இதற்கு அவர் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சான்று தேடினார். பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலை முறையில் வீட்டுக்கு இரண்டு அலகாக இருபத்துநான்கு அலகுகள் வருவதைக் காட்டினார். பண் இசைக்கும்போது விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் மரபு இருந்தது என்றும், அந்த இருபத்திரண்டையே பின்வந்தோர் முழுக்கணக்காகக் கொண்டனர் என்றும் விளக்கினார்.

1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை அவர் எடுத்துரைத்தார். அங்கே கணக்கை மட்டும் சொல்லி அமையாமல், தம் குடும்பப் பெண்மணிகளைப் பாடவும் வீணை மீட்டவும் செய்து மெய்ப்பிக்க முயன்றார். மருந்தின் குணத்தை நோயாளியின் உடலில் கண்டு தெளியும் மருத்துவர், இசைக் கணக்கையும் செவிக்கு முன் நிறுத்தியதில் வியப்பில்லை.

அவர் முடிவை எல்லோரும் ஏற்றனர் அல்லர். 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' இருபத்திரண்டையே கொண்டது. ஆயினும் தமிழிசையின் இலக்கணத்தைத் தமிழ் நூல்களிலேயே தேட வேண்டும் என்று பண்டிதர் காட்டிய வழியைப் பின்வந்த ஆய்வாளர் எவரும் புறக்கணிக்க இயலவில்லை.

சாகரம் என்னும் நூல்

இவ்வாய்வுகளின் பயனாக 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் இந்நூலில் சுருதிக் கணக்கோடு, தென்னாட்டு இசைவாணர் பலரின் பெயர்களும் தொகுக்கப்பட்டுள்ளன. நூலின் இரண்டாம் பகுதியை அவர் அச்சில் காணவில்லை. 1919 ஆகஸ்டு 31ஆம் நாள், அறுபதாம் வயதில் அவர் மறைந்தார். இரண்டாம் பகுதி 1946இல்தான் வெளிவந்தது.

நாம் கொள்ளத்தக்கது

'தொழில் இருக்கிறது, கலைக்கு நேரம் இல்லை' என்று மாணவர் மட்டுமல்லர், ஆசிரியராகிய நாமும் சொல்லி வருகிறோம். பண்டிதரின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. தொழில் அவருக்குப் பொருளைத் தந்ததோடு, யாருக்கும் அஞ்சாத நாவையும் தந்தது. இசையை நம்பி உண்ணும் ஒருவர், தம்மை ஆதரிப்போர் போற்றும் கொள்கையை மறுத்துரைக்கப் பலமுறை தயங்குவார். பண்டிதர்க்கு அத்தயக்கம் தேவைப்படவில்லை. அவருக்குச் சோறிட்டது மருந்துப் பெட்டி. ஆகவே, தமக்கு உண்மை எனப்பட்டதை அவையிலே அவரால் துணிந்து சொல்ல முடிந்தது.

வேலை தேடிச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள், கிடைக்கும் வேலை விரும்பிய கலைக்குப் பகையாகிவிடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. அதனைக் கலையின் புரவலராக்கிக்கொள்ளலாம் என்பதற்குத் தஞ்சைப் பண்டிதர் சான்றாக நிற்கிறார்.